தெர்மாகோலும் எலியும்: அரசியல் நையாண்டி எப்படி வேலை செய்கிறது?

என் அக்கா மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். அரசியல் நையாண்டி பற்றி நாலு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று போன வாரம் வீட்டுக்கு வந்தவன், செல்போனில் ஒரு மீமைக் காட்டி, “சித்தி, இது நையாண்டியா, சும்மா கலாய்க்கிறதா? ரெண்டும் ஒண்ணுதானே?” என்று கேட்டான். வைகை அணை, மிதக்கும் தெர்மாகோல், ஓரத்தில் வடிவேலு முகம். அந்தச் சம்பவம் நடந்தபோது இவன் சின்ன வகுப்பில் இருந்தான். படம்தான் இவனுக்குத் தெரியும், அந்த வருஷம் தெரியாது. அவனிடம் சொன்னதையும், சொல்லும்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரெண்டும் ஒன்றில்லை. கலாய்ப்பது ஆளோடு நின்றுவிடும். ஒருவர் எப்படி நடக்கிறார், எப்படிப் பேசுகிறார், இங்கிலீஷில் எங்கே தடுமாறினார் என்று பிடித்து இழுத்துச் சிரிப்பது அது. நையாண்டிக்கு அடியில் ஒரு உண்மை இருக்க வேண்டும், அந்த உண்மையை நேராகச் சொல்லாமல் வளைத்தோ, பெருக்கியோ, தலைகீழாக்கியோ சொல்ல வேண்டும், அப்புறம் அது பாய்கிற இடம் அதிகாரத்தில் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் சிரிப்பு வரும், ஆனால் சிரித்து முடித்ததும் கையில் எதுவும் மிஞ்சாது.

இது மேற்கிலிருந்து வந்த சங்கதி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தொல்காப்பியம் செய்யுளியலில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது: அங்கதம். அதை இரண்டாகவும் பிரித்திருக்கிறது. பழியை வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். மேடையில் நேருக்கு நேர் வெளுத்து வாங்குவது முதல் வகை. புகழ்கிற மாதிரி இருந்து, வீட்டுக்குப் போய் யோசித்தால் சுடுவது இரண்டாவது வகை. பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று படித்தோமே, அதற்கு எடுத்துக்காட்டாக வரும் குறள் ஞாபகம் இருக்கிறதா? கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள் என்று ஆரம்பிக்கும். கேட்டதும் உயர்த்திச் சொல்வது போலத்தான் இருக்கும். காரணம் அடுத்த வரியில் வரும்: இருவருமே தாங்கள் நினைத்தபடி நடந்துகொள்கிறவர்கள், கேட்பதற்கு ஆள் கிடையாது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஔவையார், தொண்டைமானின் ஆயுதசாலையில் நின்று சொன்னது. புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தூது போயிருக்கிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய் வரிசையாக ஆயுதங்களைக் காட்டுகிறான். பயமுறுத்துவதுதான் நோக்கம். ஔவை பார்த்துவிட்டுச் சொல்கிறார்: உன் ஆயுதங்களுக்கு மயில்தோகை கட்டி, மாலை சூட்டி, காம்பைத் திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் வைத்திருக்கிறாய். எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்திக் குத்தி முனை உடைந்து, எப்போதும் கொல்லனின் சின்னப் பட்டறையிலேயே கிடக்கின்றன.

இதில் ஒரு வசைச் சொல் இல்லை. பொய்யும் இல்லை. மயில்தோகை கண்ணெதிரே இருக்கிறது, நெய் மினுமினுப்பும் தெரிகிறது. கண்ணில் பட்டதைத்தான் சொல்கிறார், ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து. ‘உன் ஆயுதம் போர்க்களத்தையே பார்த்ததில்லை’ என்ற வாக்கியம் பாட்டில் எங்கும் கிடையாது. அதைத் தொண்டைமான்தான் தன் மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். கேட்பவன் தானே போய் முட்டிக்கொள்ளும்படி உண்மையை அடுக்கி வைப்பதுதான் நையாண்டியின் முழு வித்தை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்தப் பாட்டை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் இன்றைக்கு வருகிற கார்ட்டூனில் பாதி தானாகப் புரியும்.

சரி, தெர்மாகோலுக்கு வருவோம். 2017 ஏப்ரலில், அப்போது கூட்டுறவுத் துறை அமைச்சராக இருந்த செல்லூர் ராஜு அதிகாரிகளோடு வைகை அணைக்குப் போனார். வெயிலில் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க, தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி நீர்ப்பரப்பில் விட்டார்கள். காற்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அட்டைகள் கரைக்கே வந்துவிட்டன. திட்டத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று செய்திகளில் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தமிழ்நாட்டில் மீம் போடாத ஆளில்லை. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

அனுப்பிய மீம்களை இப்போது யோசித்தால், அநேகமாக எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொல்லின: பாருங்கள், எவ்வளவு முட்டாள்தனம். அங்கேயே நின்றுவிட்டன. ஆனால் நீர்ப்பரப்பை மூடி ஆவியாவதைக் குறைப்பது முட்டாள்தனமான எண்ணமே இல்லை. 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் நீர்த்தேக்கம் ஒன்றில் சுமார் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். தண்ணீரில் இருக்கிற புரோமைடும் குளோரினும் வெயில் பட்டால் கெடுதலான புரோமேட்டாக மாறும், அதைத் தடுப்பதுதான் அங்கே முக்கியக் காரணம். ஆவியாவது குறைந்தது கூடுதல் லாபம். அந்தப் பந்துகள் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்தார்கள். தெர்மாகோல் அட்டை என்பதோ பெரும்பகுதி காற்று. எடை கிடையாது. ஒரு வாளியில் மிதக்கவிட்டு மின்விசிறியைப் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி என்ன? இதைச் சின்ன அளவில் சோதித்துப் பார்த்தது யார், ஒப்புதல் கொடுத்தது யார், படித்த பொறியாளர்கள் சுற்றி நின்றும் ஒருவர்கூட வாயைத் திறக்காதது ஏன்? ஒரு துறைக்குள்ளே மேலே இருப்பவரிடம் ‘இது நடக்காதுங்க’ என்று சொல்ல முடியாத நிலை இருக்கிறதே, அதுதான் நையாண்டி பாய வேண்டிய இடம். அமைச்சரின் முகத்தைப் பெரிதாக்கிப் போட்டதோடு நாம் திருப்தியாகிவிட்டோம். அந்த முகம் மறந்துபோகும், கோப்பில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் விட்டுப்போனது. அந்த அணையில் ஏன் அவ்வளவு குறைந்த தண்ணீர் இருந்தது? 2016 வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருகிற சத்தம் கேட்டதும் பிளாஸ்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மஞ்சள் குடம், எதிர்வீட்டுக்குப் பச்சை, வரிசையில் ஆள் இல்லாவிட்டாலும் குடம் நிற்கும். மதுரைக்குக் குடிநீர், கீழே திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை வயலுக்கு நீர் எல்லாம் வைகையை நம்பித்தான்.

அதே ஏப்ரலில் டெல்லி ஜந்தர் மந்தரில் தமிழ்நாட்டு விவசாயிகள் அய்யாக்கண்ணு தலைமையில் உட்கார்ந்திருந்தார்கள். வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம் என்று கோரிக்கைகள். மார்ச் 14 அன்று ஆரம்பித்தது, 41 நாள் நடந்தது. அவர்கள் மனித மண்டையோடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செத்த எலியை வாயில் கவ்வினார்கள். சாதத்தைத் தரையில் கொட்டிச் சாப்பிட்டார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் இது ‘வினோதப் போராட்டம்’ என்று வந்தது, சிலர் அருவருப்பாக இருக்கிறது என்றார்கள், நாடகம் என்றார்கள்.

என் கணக்கில் அந்த மாதம் நடந்த ஒரே முழுமையான அரசியல் நையாண்டி அந்த எலிதான். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வயிற்றுக்கு ஒன்றும் இல்லாவிட்டால் வயலில் கிடைக்கிற எலியைத்தான் தின்ன வேண்டும் என்பது அடியில் இருக்கிற உண்மை. அதை மனுவில் எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் அந்த வாக்கியத்தை எழுதாமல், அதை உடம்பால் செய்து காட்டினார்கள். பாய்ந்த இடமோ நாட்டின் தலைநகரம், நாடாளுமன்றத்திலிருந்து நடந்து போகிற தூரம். ஔவை ஆயுதக் கொட்டிலில் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். சிரிப்பு மட்டும்தான் இல்லை. நையாண்டிக்குச் சிரிப்பு கட்டாயம் கிடையாது என்பதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

இப்படி ஒரே மாதத்தில், ஒரே வறட்சியிலிருந்து, இரண்டு வினோதச் செய்திகள் வந்தன. ஒன்றைப் பார்த்துச் சிரித்தோம், மற்றதைப் பார்த்து முகம் சுளித்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் ரொம்பக் குறைவு.

வினோதச் செய்தி என்று ஒன்று கண்ணில் பட்டால் நான் இப்போதெல்லாம் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இது வினோதமாகத் தெரிய என்ன காரணம்? தெரியாமல் நடந்த கோமாளித்தனமா, இல்லை வேறு வழியே இல்லாமல் யாரோ வேண்டுமென்றே விசித்திரமாக நடந்துகொள்கிறார்களா? வழக்கமான கதவுகள் மூடியிருக்கும்போதுதான் மனிதர்கள் எலியைக் கையில் எடுக்கிறார்கள்.

அடுத்து அவன் கேட்டது நியாயமான கேள்வி. “நையாண்டியை நெசம்னு நம்பிட்டா என்ன ஆகும்?” நம்பத்தான் செய்கிறார்கள், படிக்காதவர்கள் மட்டுமில்லை. அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய தி ஆனியன் என்ற பத்திரிகை முழுக்க முழுக்கக் கற்பனைச் செய்திகளை, நிஜச் செய்தியின் நடையில் போடும். கூரை திறந்து மூடுகிற மாதிரி புதுக் கட்டடம் கட்டித் தராவிட்டால் அமெரிக்க நாடாளுமன்றம் வாஷிங்டனை விட்டே போய்விடும் என்று அதில் வந்ததை, 2002இல் பெய்ஜிங் ஈவினிங் நியூஸ் உண்மைச் செய்தியாகவே வெளியிட்டது. விளையாட்டு அணிகள் புது மைதானம் கேட்டு ஊர்களை மிரட்டுவதைத்தான் அது குத்திக்காட்டியது. அந்தப் பழக்கம் தெரியாதவருக்கு அது வெறும் தகவல். 2012இல் வடகொரியாவின் கிம் ஜாங் உன்னை உலகத்திலேயே கவர்ச்சியான ஆண் என்று ஆனியன் எழுதியது, சீனாவின் பீப்பிள்ஸ் டெய்லி இணையதளம் அதை எடுத்து 55 படங்களோடு போட்டது. 2015இல், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஊழல் வழக்கில் சிக்கிய அதன் முன்னாள் துணைத் தலைவர் ஜாக் வார்னர், ஆனியன் கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோவில் தன் பக்க நியாயத்தைப் பேசினார்.

மூன்றிலும் ஏமாந்ததற்கு ஒரே மாதிரிக் காரணம் இருக்கிறது. எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவே இருந்த புரிதல் அறுந்துபோனது. ‘நாங்கள் விளையாடுகிறோம்’ என்று பத்திரிகையின் பெயரே சொல்லும், ஆனால் பெயரை வெட்டிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்தால் அது பொய்ச் செய்திதான். நம் ஊர் வாட்ஸ்அப்பில் நடப்பது தினமும் இதுதான். யாரோ வேடிக்கையாக எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாகி, தலைப்பும் பெயரும் போய், பெரியப்பா குழுவுக்கு வரும்போது ‘அதிர்ச்சித் தகவல்’ ஆகியிருக்கும். எங்கள் குடும்பக் குழுவில் அப்படி வந்த ஒன்றுக்கு நான் கோபமாக நாலு வரி பதில் எழுதி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் அது நகைச்சுவைப் பக்கத்தில் வந்தது என்று தெரிந்தது. அன்றிலிருந்து நான் ஏற்கெனவே நம்ப ஆசைப்படுவதை அப்படியே ஊட்டிவிடுகிற செய்தி வந்தால் உடனே ஃபார்வர்ட் செய்வதில்லை. யார் முதலில் எழுதியது என்று தேடுவேன், நாளிதழ் இரண்டில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு நிமிஷ வேலை.

நையாண்டி எழுதுகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டார்கள். இரண்டே நாளில், பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் சிறு விளம்பரப் பகுதியில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. டெமாக்ரசி என்று ஒலிக்கும்படி பெயரை உடைத்துப் போட்டு, ஜூன் 26 அன்று காலமானார் என்று. மனைவியின் பெயர் உண்மை என்று ஒலித்தது, மகனின் பெயர் சுதந்திரம் என்று ஒலித்தது. தணிக்கை அதிகாரியின் கண்ணுக்கு அது யாரோ ஒரு ஆங்கிலோ இந்தியரின் சாவு. பழிகரப்பு என்று தொல்காப்பியம் சொன்னது இதுதான். அதே வருஷம் டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் அபு ஆபிரகாம் ஒரு கார்ட்டூன் போட்டார். குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார், இன்னும் இருந்தால் காத்திருக்கச் சொல் என்கிறார். அவசரச் சட்டங்கள் எவ்வளவு வேகமாக, யாரும் படித்துக்கூடப் பார்க்காமல் வந்தன என்பதை ஒரு தொட்டியை வைத்துச் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் 1987இல், எம்.எல்.ஏ.யையும் மந்திரியையும் திருடனோடும் கொள்ளைக்காரனோடும் ஒப்பிட்ட ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். அவர் அதோடு விடாமல் வழக்குப் போட்டார், நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2025இல் பிரதமர் பற்றிய ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் போய்த்தான் திறந்தது, அதுவும் அந்தக் கார்ட்டூனை எடுக்கச் சொல்லி.

இதில் என்னை ரொம்பப் பாதித்தது 2017 நவம்பர். அதற்கு முந்தைய மாதம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தோடு தீக்குளித்தார். இரண்டு சின்னக் குழந்தைகள். திரும்பத் திரும்ப மனுக் கொடுத்திருந்தார்கள். ஜி. பாலா வரைந்த கார்ட்டூனில் ஒரு குழந்தை எரிந்து கிடக்கிறது, முதல்வரும் ஆட்சியரும் காவல்துறை உயரதிகாரியும் துணியில்லாமல், ரூபாய் நோட்டுக் கட்டால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்காக அவரைக் கைது செய்தார்கள், மறுநாள் ஜாமீனில் வந்தார். அந்தப் படத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. ஆபாசம் என்று சொன்னவர்களிடம் நான் இன்றைக்கும் வாதாடுவேன். படத்தில் ஆபாசமாக இருப்பது துணியில்லாத உடம்பில்லை, எரிகிற குழந்தையைக் காட்டிலும் தங்கள் மானத்தைப் பற்றிக் கவலைப்படுகிற கைகள்தான்.

அதேசமயம் நையாண்டி என்ற பெயரில் நடக்கிற எல்லாவற்றையும் நான் தூக்கிப்பிடிக்க மாட்டேன். பெண் அரசியல்வாதி என்றால் உடம்பை வைத்து, கிராமத்திலிருந்து வந்தவர் என்றால் பேச்சை வைத்து, கறுப்பு நிறம் என்றால் நிறத்தை வைத்துப் போடுகிற மீம்களில் அடியில் உண்மை எதுவும் கிடையாது. எடுத்த முடிவில் கைவைக்காமல், பிறப்பில் கைவைப்பது அது. ஒரு மீமை நையாண்டியா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: ஆளை மாற்றி அதே செயலை வைத்துப் பாருங்கள். அதே முடிவை வேறு கட்சியின் அமைச்சர், சிவப்பாக, சரளமான ஆங்கிலத்தில் சொல்லிச் செய்திருந்தால் அந்த ஜோக் நிற்குமா? நின்றால் அது செயலைப் பற்றியது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன் கொஞ்ச நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பிறகு காட்டினான். வடிவேலுவை எடுத்துவிட்டான். இடது பக்கம் வைகையில் தெர்மாகோல், வலது பக்கம் ஜந்தர் மந்தரில் எலியைக் கவ்விய விவசாயி. கீழே ஒரே வரி: ‘2017 ஏப்ரல்’. அக்கா அடுப்படியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. “அந்த வருஷம்தானே நாம மஞ்சக் குடத்த வரிசைல போட்டுட்டு நின்னோம்?” என்றாள்.